சண்டை யாருக்கு, காசு யாருக்கு

2024 மே மாதம் ராப் பாடகர்கள் கென்ட்ரிக் லமாருக்கும் டிரேக்குக்கும் பாட்டுச் சண்டை நடந்தபோது என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். ஒருவர் வசைப்பாட்டு விடுவார், சில மணி நேரத்திலேயே மற்றவர் பதில் பாட்டு விடுவார். நாங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் பிரித்து மேய்வோம். யார் வென்றார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, லமார்தான். அவருடைய 'நாட் லைக் அஸ்' பாட்டு அடுத்த ஆண்டு ஐந்து கிராமி விருதுகளை அள்ளியது. அடுத்த ஞாயிறே சூப்பர் பவுல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை மேடையில் அதைப் பாடினார், அரங்கமே சேர்ந்து பாடியது. சரி. ஆனால் அந்தச் சண்டையில் எனக்கு இன்றும் அலுக்காத சங்கதி வேறு. டிரேக்கின் பாட்டுகள் வெளிவருவது ரிபப்ளிக் ரெக்கார்ட்ஸ் வழியாக. லமாரின் அந்தப் பாட்டு வந்தது இன்டர்ஸ்கோப் வழியாக. இரண்டுக்கும் முதலாளி ஒன்றே: யுனிவர்சல் மியூசிக் குரூப்.

நாங்கள் நரம்பு புடைக்கக் கட்சி கட்டிய அந்த நாட்களில், எந்தப் பக்கம் எத்தனை தடவை கேட்டாலும் காசு ஒரே கல்லாவில்தான் விழுந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரியில் டிரேக் நீதிமன்றத்துக்குப் போனார். அந்தப் பாட்டு தன்னைப் பற்றிச் சொல்வது அவதூறு என்பது வழக்கு. அவர் பாடியவர் மேல் வழக்குப் போடவில்லை. தன்னையும் பாடியவரையும் ஒருசேர வைத்திருக்கும் யுனிவர்சல் மேல் போட்டார். அக்டோபரில் நீதிபதி அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். வசைப்பாட்டுப் போட்டியில் வரும் வரிகளைக் கேட்பவர்கள் நிலைநாட்டப்பட்ட உண்மையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது தீர்ப்பின் சாரம். சமூக ஊடகங்களில் ஒரு வாரம் கேலி ஓடியது. அவருடைய பாட்டுகளை விற்பவரும் அவரைத் திட்டும் பாட்டை விற்பவரும் ஒருவரே என்பதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு.

இசை உலகச் செய்தி எது வந்தாலும் ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று தேடுவது என் பழக்கம். யார் யாரைத் திட்டினார், யார் யாரைப் பிரிந்தார் என்பதெல்லாம் தலைப்பில் இருக்கும். ஒப்பந்தம் ஐந்தாவது ஆறாவது பத்தியில், யாரும் போய்ப் படிக்காத இடத்தில் கிடக்கும். பாதி நேரம் முழுக் கதையும் அங்கேதான் இருக்கிறது. கணக்குப்பிள்ளை மாதிரி பேசுகிறாய் என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். எனக்குப் பாட்டைக் கேட்பதில் உள்ள சுகம் இதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இதற்கு அடிப்படையாகத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு பாட்டுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. வரியும் மெட்டும் சேர்ந்த படைப்பு ஒரு சொத்து, அது எழுதியவருக்கும் அவருடைய பதிப்பு நிறுவனத்துக்கும் உரியது. அதே பாட்டை ஒருவர் ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்தால் அந்தப் பதிவு இன்னொரு சொத்து. அதற்கு மாஸ்டர் என்று பெயர், பெரும்பாலும் அது லேபிள், அதாவது பாட்டை வெளியிடும் நிறுவனம், கையில் இருக்கும். பாடகர் முகம் உலகம் முழுக்கத் தெரிந்திருந்தாலும் இரண்டில் ஒன்றுகூட அவரிடம் இல்லாமல் போகலாம். அமெரிக்காவில் இன்றும் ஏஎம், எஃப்எம் வானொலியில் ஒரு பாட்டு ஒலித்தால் எழுதியவர் தரப்புக்கு ராயல்டி உண்டு, பாடியவருக்கு ஒரு காசு கிடையாது. அரேத்தா ஃபிராங்க்ளினின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'ரெஸ்பெக்ட்' பாட்டை எழுதியவர் ஓட்டிஸ் ரெட்டிங். அமெரிக்க வானொலியில் அது எத்தனை ஆயிரம் தடவை ஒலித்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அத்தனைக்கும் அரேத்தாவுக்கு வானொலிக் காசு இல்லை.

டாலி பார்ட்டன் கதை இதற்கு நேர் எதிர். அவர் எழுதி 1974-இல் வெளியிட்ட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' பாட்டைப் பாட எல்விஸ் பிரெஸ்லி ஆசைப்பட்டார். எல்விஸின் மேலாளர் கர்னல் பார்க்கர், பதிப்புரிமையில் பாதியை எழுதிக் கொடுத்தால்தான் பாடுவார் என்று நிபந்தனை போட்டார். அந்தக் காலத்தில் எல்விஸ் உங்கள் பாட்டைப் பாடுகிறார் என்றால் யாராக இருந்தாலும் பேனாவைத் தேடுவார்கள். பார்ட்டன் மாட்டேன் என்றார். இரவெல்லாம் அழுததாகப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1992-இல் விட்னி ஹூஸ்டன் அதே பாட்டைப் பாடியபோது அது அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. எழுதியவருக்கான பங்கு முழுதும் பார்ட்டனுக்கு வந்தது. பாப் இசை வரலாற்றில் எனக்குப் பிடித்த 'இல்லை' அதுதான்.

இந்த இரண்டு உரிமைகளும் தெரிந்தால் டெய்லர் ஸ்விஃப்ட் கதையும் புரிந்துவிடும். அவரைப் பற்றி வந்த செய்திகளில் முக்கால்வாசி காதலர்களைப் பற்றியவை. எனக்கு அவருடைய கடைசிப் பாட்டுகள் சிலவற்றில் பெரிய ஈடுபாடும் இல்லை, சொல்லப்போனால். ஆனால் ஒப்பந்தம் படிக்கும் ஆளுக்கு அவரைப் போல ஒரு பாடம் கிடையாது. 15 வயதில் பிக் மெஷின் என்ற நாஷ்வில் லேபிளில் சேர்ந்தார். ஆறு ஆல்பங்கள் செய்தார். மாஸ்டர்கள் லேபிளுடையவை, பாட்டு எழுதிய உரிமை அவருடையது. 2018-இல் யுனிவர்சலுக்கு மாறும்போது இனிச் செய்யும் பதிவுகள் தனக்கே சொந்தம் என்று எழுதி வாங்கினார். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு ஷரத்து இருந்தது. ஸ்பாட்டிஃபையில் யுனிவர்சல் வைத்திருக்கும் பங்குகளை விற்றால், அந்தப் பணத்தில் கலைஞர்களுக்கும் பங்கு தர வேண்டும், அதை அவர்களுடைய பழைய கடன் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடாது. கழிக்கக் கூடாது என்ற அந்த வார்த்தை ஏன் முக்கியம் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

2019 ஜூனில் ஸ்கூட்டர் பிரான் என்ற இசை மேலாளர் பிக் மெஷினை வாங்கினார். விலை சுமார் 30 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்களும் அதோடு போயின. 2020-இல் அந்த மாஸ்டர்கள் ஷாம்ராக் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறின. இதுவரை எத்தனையோ பாடகர்களுக்கு நடந்ததுதான். பிறகு அவர் செய்ததுதான் புதிது. மறுபதிவுக்குப் பழைய ஒப்பந்தத்தில் இருந்த தடைக்காலம் முடிந்ததும் ஆல்பங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பாடத் தொடங்கினார். 2021-இல் இரண்டு, 2023-இல் இரண்டு. பாட்டை எழுதியவர் அவர் என்பதால் படைப்புரிமை அவரிடம் இருந்தது, அதனால் புதிதாகப் பதிவு செய்ய முடிந்தது. விளம்பரத்திலோ படத்திலோ பழைய பதிவைப் பயன்படுத்த யாராவது கேட்டால், எழுதியவர் என்ற முறையில் முடியாது என்று சொல்லவும் முடிந்தது. பழைய மாஸ்டரை வாங்கியவர் கையில் பாதிச் சாவிதான் இருந்தது. ஐஹார்ட்ரேடியோ வானொலிக் குழுமம் 2021-இல், மறுபதிவு வந்துவிட்டால் இனிப் புதுப் பதிவையே ஒலிபரப்புவோம் என்று அறிவித்தது. 2025 மே மாதம், முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்களையும் ஷாம்ராக்கிடமிருந்து வாங்கிவிட்டதாக அவரே ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார்.

இதற்கு நடுவில் ஒரு சின்னச் சம்பவம். 2024 ஜனவரி இறுதியில் யுனிவர்சலுக்கும் டிக்டாக்குக்கும் பேச்சு முறிந்தது. காசு போதாது, செயற்கை நுண்ணறிவுப் பாட்டுகளுக்குக் கட்டுப்பாடு இல்லை என்பவை யுனிவர்சலின் புகார்கள். அந்த நிறுவனத்தின் பாட்டுகள் டிக்டாக்கில் ஊமையாக்கப்பட்டன. பில்லி ஐலிஷ், அரியானா கிராண்டே என்று பெரிய பெயர்கள் எல்லாம் காணாமல் போயின. மே மாதத் தொடக்கத்தில்தான் சமரசம் வந்தது. ஆனால் ஏப்ரலிலேயே ஒருவருடைய பாட்டுகள் மட்டும் திரும்பி வந்துவிட்டன, அதுவும் புது ஆல்பம் வெளிவரச் சில நாட்கள் இருக்கும்போது. யார் என்று சொல்லத் தேவையில்லை. டிக்டாக் அவருக்குச் சலுகை காட்டியது என்று அன்று பலர் பொருமினார்கள். மாஸ்டர்கள் யார் பெயரில் இருக்கின்றன என்று பார்த்திருந்தால் பொருமியிருக்க மாட்டார்கள்.

இதை ஒரு வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடித்தால் லேபிள்களைக் குறைத்து மதிப்பிட்டதாகும். அவர்களும் பாடம் படித்தார்கள். மறுபதிவுத் தடை வழக்கமாக ஐந்து, ஏழு ஆண்டுகள்தான் இருந்துவந்தது. 2023-இல் வந்த செய்திகளின்படி, புதிய ஒப்பந்தங்களில் பெரிய லேபிள்கள் அதைப் பத்து, பதினைந்து, சில இடங்களில் முப்பது ஆண்டுகள்வரை நீட்டக் கேட்கின்றன. ஒரு பெரிய நட்சத்திரம் கதவைத் திறந்து வெளியேறினார், பின்னால் வருகிற பதினெட்டு வயதுக்காரருக்கு அந்தக் கதவில் கூடுதலாக ஒரு பூட்டு விழுந்தது. இது எந்த ரசிகர் பக்கத்திலும் கொண்டாட்டச் செய்தியாக வரவில்லை, வரவும் வராது.

கடன் கணக்கு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். புதுக் கலைஞருக்கு லேபிள் கொடுக்கும் அட்வான்ஸ் பரிசு கிடையாது. ஸ்டூடியோச் செலவு, வீடியோச் செலவில் ஒரு பங்கு என்று பலதும் அவர் கணக்கில் ஏறும். ராயல்டி வந்தால் முதலில் அது இந்தக் கணக்கில் கழியும். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது: விற்பனைப் பணம் முழுவதும் கழிவதில்லை, கலைஞரின் சிறு சதவீதம் மட்டும்தான் கழிகிறது. லேபிள் எப்போதோ லாபத்துக்கு வந்திருக்கும், கலைஞரின் ஏட்டில் மட்டும் பாக்கி நின்றுகொண்டே இருக்கும். இப்படிப் பல்லாண்டு காலம் பாக்கியிலேயே கிடந்தவர்கள் ஏராளம். 2021-இல் சோனி மியூசிக், 2000-க்கு முன் கையெழுத்திட்ட கலைஞர்கள் பலரின் பழைய பாக்கியைக் கணக்கில் எடுக்காமல் இனி ராயல்டி தருவோம் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு வார்னரும் யுனிவர்சலும் அதே வழிக்கு வந்தன. என்னைக் கேட்டால் அந்த ஆண்டின் மிகப் பெரிய இசைச் செய்தி அதுதான். அன்றைக்கு என் திரையில் அதற்கு மேலே வந்த தலைப்பு யாரோ ஒருவர் விருது விழாவில் போட்ட உடுப்பைப் பற்றியது.

ஒப்பந்தம் பார்த்துப் பேசும் ரசிகர்கள் என்றால் அது கே-பாப் என்ற தென்கொரியப் பாப் இசையின் கூட்டம்தான். ஏழு ஆண்டுச் சாபம் என்று அவர்கள் பேசிக்கொள்வது மூடநம்பிக்கை இல்லை. 2009-இல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூன்று பேர் எஸ்.எம். நிறுவனத்துக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். 13 ஆண்டு ஒப்பந்தம் அடிமைச் சாசனம் போல இருக்கிறது என்பது வாதம். அதே ஆண்டு தென்கொரிய நியாய வர்த்தக ஆணையம் ஏழு ஆண்டை வரம்பாக வைத்து மாதிரி ஒப்பந்தம் கொண்டுவந்தது. அதனால் பல குழுக்கள் ஏழாம் ஆண்டில் உடைகின்றன, அல்லது புது விதிகளோடு தொடர்கின்றன. நியூஜீன்ஸ் குழு 2024 நவம்பரில் ஒப்பந்தத்தை முறித்துவிட்டோம் என்று அறிவித்தபோது அந்த ரசிகர்கள் ஷரத்து ஷரத்தாக வாதிட்டுக்கொண்டிருந்ததைப் படித்து வியந்திருக்கிறேன். 2025 அக்டோபரில் சியோல் நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லும் என்றது. அதே ஊரில் 2022 ஜூனில் பிடிஎஸ் தனித்தனி வேலைகளில் கவனம் செலுத்தப்போவதாகச் சொன்ன மறுநாள் அவர்களுடைய ஹைப் நிறுவனப் பங்கு ஏறக்குறைய கால்வாசி சரிந்தது. ஏழு இளைஞர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண் கலங்கப் பேசிய ஒரு வீடியோ அது. பங்குச் சந்தைக்கு அது நிதிநிலை அறிக்கை.

இந்த இடத்தில்தான் ரசிகர்களாகிய நாமும் கணக்குக்குள் வருகிறோம். பட்டியல் என்ற விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பில்போர்டின் ஹாட் 100 பட்டியல் 1958 ஆகஸ்டில் தொடங்கியது. 1991 வரை ஆல்பம் விற்பனைப் பட்டியல் தயாரான விதம் வேடிக்கையானது: கடைகளுக்குத் தொலைபேசி போட்டு எது நன்றாக விற்கிறது என்று கேட்பார்கள். கடைக்காரர் சொல்வதுதான் வேதவாக்கு. அவருக்குப் பிடித்தது, லேபிள் ஆள் வந்து காதில் ஓதிவிட்டுப் போனது எல்லாம் மேலே ஏறும். 1991 மே மாதம் சவுண்ட்ஸ்கேன் வந்தது, கல்லாவில் பார்கோடு படித்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொண்டது. சில வாரங்களில் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. கன்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸ் பாப் நட்சத்திரங்களைத் தாண்டிப் போனார். மக்கள் அதையெல்லாம் ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் இருந்தார்கள், எண்ணத்தான் ஆள் இல்லை. ஒரு அளவுகோல் மாறியதால் அமெரிக்கப் பாப் இசையின் வரலாறே வேறு மாதிரி எழுதப்பட்டது. எனக்கு இது எப்போது படித்தாலும் புல்லரிக்கும்.

அன்று கடைக்காரரைக் கவனித்த லேபிள், இன்று ரசிகரைக் கவனிக்கிறது. ஒரே ஆல்பத்துக்குப் பத்து நிறத்தில் வினைல் இசைத்தட்டு, ஒவ்வொன்றிலும் வேறு அட்டை, ஒன்றில் மட்டும் கூடுதல் பாட்டு. 2025 அக்டோபரில் ஸ்விஃப்ட்டின் புது ஆல்பம் அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 40 லட்சத்தைத் தாண்டி, 2015-இல் அடெல் வைத்திருந்த சாதனையை உடைத்தது. எத்தனை விதமான பதிப்புகள் விற்பனைக்கு வந்தன என்பதை அந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மாஸ்டர் விஷயத்தில் அவரை மெச்சிய அதே வாயால் இதைச் சொல்கிறேன்: இது ரசிகரின் பாசத்தைப் பல தவணையில் வசூலிப்பது. வினைல் வாங்குகிறவர்களில் பாதிப் பேரிடம்தான் அதைச் சுழற்றுகிற கருவியே இருக்கிறது என்று இசை விற்பனையைக் கணக்கெடுக்கும் லூமினேட் நிறுவனம் அமெரிக்க நிலவரத்தைப் பற்றி 2023-இல் சொன்னது. மீதிப் பேருக்கு அது சுவரில் மாட்டுகிற படம். அதில் தப்பொன்றும் இல்லை, என் அலமாரியிலும் பிரிக்காத உறைகள் உண்டு. ஆனால் அதைப் பாட்டு விற்பனை என்று எண்ணிப் பட்டியலில் போடும்போது என்ன அளக்கப்படுகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

ரசிகர் மன்றங்கள் இன்று ஒரு பாட்டை எப்படி ஓட்டவேண்டும் என்று கையேடு போடுகின்றன. தொடர்ந்து அதே பாட்டை ஓடவிடாதே, நடுவில் வேறு பாட்டு ஒன்றைச் சேர், ஒலியை முழுக்க அணைக்காதே, முப்பது வினாடிக்கு முன் தாண்டாதே. முப்பது வினாடி ஓடினால்தான் ஸ்பாட்டிஃபை அதை ஒரு தடவை என்று எண்ணும். கையேட்டைப் பார்த்தால் தொழிற்சாலைச் சுவரில் ஒட்டிய விதிமுறை மாதிரி இருக்கிறது, சம்பளம் மட்டும் இல்லை. பில்போர்டும் சும்மா இல்லை. டி-சட்டையோடு ஆல்பத்தைச் சேர்த்து விற்று எண்ணிக்கையை ஏற்றும் வேலையை 2020-இல் கட்டுப்படுத்தியது. ஒரே ஆள் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் பதிவிறக்கி ஏற்றுவதற்கும் பிறகு கடிவாளம் போட்டது. விதி இறுகினால் மன்றங்கள் புது வழி கண்டுபிடிக்கின்றன.

இவ்வளவு உழைப்பும் யாருக்குக் காசாகிறது? இங்கே ஸ்ட்ரீமிங்கின் பங்கு முறை தெரிய வேண்டும். நான் மாதச் சந்தா கட்டி ஒரே ஒரு சின்னக் குழுவை மட்டும் நாள் முழுக்கக் கேட்டாலும் என் காசு அந்தக் குழுவுக்குப் போய்ச் சேராது. சந்தாவெல்லாம் ஒரே அண்டாவில் கொட்டப்பட்டு, மொத்த ஓட்டத்தில் யாருக்கு எத்தனை சதவீதமோ அந்தக் கணக்கில் பிரிக்கப்படும். ஆக, நான் கேட்கவே கேட்காத நட்சத்திரத்துக்கும் என் சந்தாவில் பங்கு உண்டு. கேட்பவரின் காசு அவர் கேட்பவருக்கே போகும் முறையை 2021-இல் சவுண்ட்கிளவுட் தொடங்கியது, பெரிய தளங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்பாட்டிஃபை 2024 முதல், ஓராண்டில் ஆயிரம் தடவைகூட ஓடாத பாட்டுக்கு ஒன்றும் தருவதில்லை. அந்தச் சில்லறையைத் தனித்தனியே அனுப்பினால் இடைத்தரகர் கட்டணத்திலேயே கரைந்துவிடும் என்பது அவர்கள் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சில்லறை மிச்சமாகிப் போவது மேலே இருப்பவர்கள் பங்குக்கு. 2024-இல் மட்டும் இசைத்துறைக்கு 1,000 கோடி டாலர் கொடுத்ததாக ஸ்பாட்டிஃபை பெருமையோடு அறிவித்தது. உலகப் பதிவிசை வருமானமே அந்த ஆண்டு 2,960 கோடி டாலர், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஸ்ட்ரீமிங். பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அது எந்த ஒப்பந்தத்தின் வழியாக வழிகிறது என்பதுதான் கேள்வி.

அண்டாவில் கை வைப்பவர்களும் உண்டு. செயற்கை நுண்ணறிவில் லட்சக்கணக்கான பாட்டுகள் செய்து, கேட்பதற்கும் ரோபோ கணக்குகளையே வைத்து, ஒரு கோடி டாலருக்கு மேல் ராயல்டி சுருட்டியதாக 2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஒருவர்மேல் குற்றம் சாட்டியது. பாடியதும் இயந்திரம், கேட்டதும் இயந்திரம். அந்தக் காசு வேறு யாரோ ஒரு உண்மையான பாடகரின் பங்கிலிருந்து போனது.

செயற்கை நுண்ணறிவுப் பாட்டுகள் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நான் நீட்டப் போவதில்லை. 2023 ஏப்ரலில் டிரேக், வீக்கெண்ட் குரல்களைப் போலி செய்த ஒரு பாட்டு பரவியபோது பெரிய நிறுவனங்கள் கலையின் ஆன்மா பற்றிப் பேசின. 2024 ஜூனில் மூன்று பெரிய லேபிள்களும் செயற்கை நுண்ணறிவில் பாட்டு செய்து தரும் சுனோ, யூடியோ என்ற இரண்டு நிறுவனங்கள்மேல் வழக்குப் போட்டன. 2025 அக்டோபரில் யுனிவர்சல் யூடியோவோடு கைகுலுக்கியது, நவம்பரில் வார்னர் சுனோவோடு. ஆன்மா பற்றிய பேச்சு உரிமக் கட்டணம் பற்றிய பேச்சாக மாற இரண்டரை ஆண்டுதான் ஆனது. விருப்பப்படும் கலைஞர்கள் மட்டும் சேரலாம் என்கிறார்கள். அந்தப் பங்கு பழைய பாக்கியில் கழியுமா, கழியாதா? ஸ்விஃப்ட் 2018-இல் கேட்டு வாங்கிய அந்த ஒரு வரி இங்கேயும் வேண்டும்.

டிக்கெட் விவகாரம் தனிக் கட்டுரைக்கு உரியது. ஒன்று மட்டும். 2023-இல் தி கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித், டிக்கெட் விலையைக் குறைவாக வைத்தும், சில டிக்கெட்டுகளில் கட்டணங்கள் விலையையே தாண்டிவிட்டதைக் கண்டு பொதுவெளியில் கொதித்தார். டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் ஐந்து முதல் பத்து டாலர்வரை ரசிகர்களுக்குத் திருப்பித் தந்தது. 1994-இல் பேர்ல் ஜாம் குழுவினர் அமெரிக்கக் காங்கிரசில் போய் இதே நிறுவனத்தைப் பற்றிச் சாட்சி சொல்லியும் நடக்காதது அது.

பழைய பாட்டுகளின் பட்டியலை மொத்தமாக விற்கும் போக்கைப் பற்றியும் கேட்கிறார்கள். பாப் டிலன் 2020-இல் எழுத்துரிமையை யுனிவர்சலுக்கு விற்றார், பிறகு மாஸ்டர்களைச் சோனிக்கு. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் இரண்டையும் சோனிக்கு. காசுக்காகச் சோரம் போனார்கள் என்ற குற்றச்சாட்டு எனக்கு எரிச்சலூட்டும். எண்பதை நெருங்கும் ஒருவர் தன் சொத்தைத் தானே விற்பதில் என்ன குறை? விற்க அவர்களிடம் சொத்து இருந்தது என்பதே பெரிது. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னிக்கு அதுகூட வாய்க்கவில்லை. பாட்டுரிமை நல்ல முதலீடு என்று மைக்கேல் ஜாக்சனிடம் சொன்னதே அவர்தான். ஜாக்சன் 1985-இல் 4.75 கோடி டாலருக்கு ஏடிவி நிறுவனத்தை வாங்கினார், அதற்குள் இருந்தவை பீட்டில்ஸ் பாட்டுகள். பின்னால் அது சோனியோடு சேர்ந்த கூட்டு நிறுவனமானது. 2016-இல் அந்தக் கூட்டு நிறுவனத்தில் ஜாக்சன் குடும்ப அறக்கட்டளையின் பாதிப் பங்குக்குச் சோனி கொடுத்தது 75 கோடி டாலர்.

அடுத்த ஆண்டு மெக்கார்ட்னி தன் பாட்டுகளைத் திரும்பக் கேட்டு அந்த நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டார், சில மாதங்களில் சமரசமும் ஆனது. அதற்கு அவர் பிடித்த கருவி ஒரு சட்டப் பிரிவு. அமெரிக்காவில் படைப்பாளி தன் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும் குறிப்பிட்ட காலம் கழித்து அதைத் திரும்பக் கேட்கலாம். 1978-க்குப் பிறகு கையெழுத்தானவற்றுக்கு அந்தக் காலம் 35 ஆண்டு. குறைந்தது இரண்டு ஆண்டு முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும். பாட்டு எழுதியவர்கள் இதைப் பயன்படுத்திப் பலனும் கண்டிருக்கிறார்கள். பதிவுகளுக்கு வரும்போதுதான் லேபிள்கள் முரண்டு பிடிக்கின்றன: அது கூலிக்குச் செய்த வேலை, உங்களுக்கு உரிமை இருந்ததே இல்லை என்கிறார்கள். 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் தரப்பு 2024 அக்டோபரில் மயாமியில் ஜூரி முன்னால் வென்று தங்கள் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பெறும் உரிமையை நிலைநாட்டியது. சால்ட்-என்-பெப்பா ராப் குழுவின் இருவரும் 2025-இல் யுனிவர்சல்மேல் இதே கோரிக்கையோடு வழக்குப் போட்டார்கள். அந்த நவம்பரில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவர்களைக் கௌரவித்தபோது, எங்கள் பாட்டுகளை ரசிகர்கள் ஸ்ட்ரீமிங்கில் கேட்கக்கூட முடியவில்லை என்று மேடையிலேயே சொன்னார்கள்.

1991-இல் கையெழுத்தான ஒப்பந்தங்களுக்கு 2026-இல் 35 ஆண்டு நிறைகிறது. கிரஞ்ச் என்ற ராக் இசை வெடித்த ஆண்டு அது, ராப் பட்டியலைப் பிடித்த ஆண்டும் அதுதான். செல்லுபடியாக வேண்டுமானால் நோட்டீஸ்களை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும், பதிவேட்டை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். கிசுகிசுப் பக்கங்களைவிட அது எனக்குச் சுவாரசியம். அதில் அடுத்து யார் பெயர் வருகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.